பழைய விஷ வாயுக் கிடங்கின் வேலிக்கு வெளியே வீடு வாங்கலாமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வரில் வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கம்மர்ஸ் சிட்டி பக்கம் விலை கட்டுப்படியாகிறது, வீடும் பிடித்திருக்கிறது. எதிரே பெரிய காட்டுயிர்ச் சரணாலயம். அது ஒரு காலத்தில் ராணுவத்தின் விஷ வாயு ஆலையாகவும் கிடங்காகவும் இருந்த இடம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் தூக்கம் போய்விட்டது. "சுத்தம் செய்து முடித்துவிட்டோம் என்கிறார்கள், நம்பலாமா? மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அந்த நிலம் சுத்தமா என்பது ஒன்று. அந்த நிலத்தில் இருப்பது உங்கள் வீட்டுக்குள் வருமா என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. பலர் முதல் கேள்விக்கான பதிலைக் கேட்டுவிட்டு, அதுவே இரண்டாவதற்கும் பதில் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயப்படுகிறவர்களும் அப்படித்தான், பயமே இல்லாதவர்களும் அப்படித்தான்.

நிலத்தடி நீர் மாசு என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பெரும்பகுதி வட ஆற்காட்டின் தோல் பதனிடும் ஊர்களில். ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்கிற உங்கள் எதிர்வீட்டு இடத்தில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் இந்தத் துறையில் படித்தவர்கள் அந்தப் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது. செய்யக்கூடாத எல்லாவற்றையும் ஓர் இடத்திலேயே செய்துபார்த்த பாடப்புத்தகம் அது. நான் டாக்டர் இல்லை, குழந்தையின் உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். தண்ணீரும் மண்ணும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் சொல்ல முடியும். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: அந்த நிலம் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் சுத்தமில்லை, சுத்தமாகப் போவதுமில்லை. ஆனாலும் குழாய்த் தண்ணீர் வருகிற, சொந்தக் கிணறு இல்லாத வீடாக இருந்தால், நான் அந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் பதில் புரியாது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942-ல், அமெரிக்க ராணுவம் அங்கிருந்த விவசாயக் குடும்பங்களைக் கிளப்பிவிட்டு 27 சதுர மைல் நிலத்தை எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் கடுகு வாயு, லூயிசைட், தீக்குண்டுகள் எல்லாம் அங்கே தயாராயின. 1953 முதல் 1957 வரை நரம்பு வாயுவான சரின். போர் முடிந்ததும் சும்மா கிடந்த கட்டடங்களைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். முதலில் ஜூலியஸ் ஹைமன் என்கிற நிறுவனம், 1952 முதல் ஷெல். 1982 வரை அங்கே பூச்சிமருந்து தயாரிப்பு நடந்தது. நடுவில் பழைய விஷ வாயு இருப்பை அழிக்கிற வேலையும் அங்கேயே நடந்தது. மிச்சமிருந்த சரின் குண்டுகளை 1981-ல் விமானத்தில் ஏற்றி யூட்டாவுக்கு அனுப்பிவைத்தார்கள். இவ்வளவும் டென்வர் நகர மையத்திலிருந்து பத்து மைல் தூரத்தில்.

இங்கே ஒரு விஷயம் வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விஷ வாயு என்றதும் எல்லோருக்கும் சரின் ஞாபகம் வருகிறது. ஆனால் சரின் தண்ணீர் பட்டால் உடைந்துபோகிற சாமான். திறந்த மண்ணில் கொட்டினால் பல வருடம் அப்படியே கிடக்காது. கடுகு வாயு கட்டியாகி மேலே ஏடு படிந்தால் உள்ளே நீண்டகாலம் உயிரோடு இருக்கும். லூயிசைட் சிதைந்தாலும் ஆர்சனிக்கை விட்டுவிட்டுப் போகும். அந்த நிலத்தை உண்மையிலேயே பிடித்துக்கொண்டது பூச்சிமருந்துதான். ஆல்ட்ரின், டீல்ட்ரின், எண்ட்ரின். நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எண்ட்ரினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிராமத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே யாரோ ஒருவருடைய சாவு ஞாபகத்துக்கு வரும். ஆல்ட்ரின் மண்ணுக்குள் போனதும் மெல்ல டீல்ட்ரினாக மாறும். டீல்ட்ரின் தண்ணீரில் அதிகம் கரையாது, மண் துகளில் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பில் சேரும். புழு தின்னும், புழுவைப் பறவை தின்னும், பறவையைக் கழுகு தின்னும். அந்த மூன்று மருந்துகளும் 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆக, அந்த இடத்தின் மாசை ராணுவத்தின் தலையில் மட்டும் கட்டினால் கணக்கு பாதிதான். சுத்திகரிப்புச் செலவையே ராணுவமும் ஷெல்லும் பங்கு போட்டுக்கொண்டுதான் கொடுத்தன: முதல் 50 கோடி டாலரில் ஆளுக்குப் பாதி, அடுத்த 20 கோடியில் ஷெல்லுக்கு 35 சதவீதம், அதற்கு மேல் 20.

கழிவு எங்கே போனது? குட்டைக்கு. முதலில் தோண்டியது வெறும் மண் குட்டை, அடியில் எதுவும் போடவில்லை. கழிவு நீர் வெயிலில் ஆவியாகிவிடும் என்பது கணக்கு. பாதி ஆவியானது, மீதி கீழே இறங்கியது. 1954-ல் வடக்குப் பக்க விவசாயிகள் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சியதும் பயிர் கருகுகிறது என்று புகார் செய்தார்கள். எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் வாணியம்பாடிதான் ஞாபகம் வரும். ஆய்வுக்கூடம் எதையும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தென்னை மட்டை கண்டுபிடித்துவிடும். அந்தப் புகாருக்குப் பிறகு, 1956-ல், 93 ஏக்கரில் எஃப் குட்டை என்று புதிதாக ஒன்று கட்டினார்கள். இந்த முறை அடியில் தார் பூச்சு உண்டு. தாரும் வெடித்தது, ஒழுகியது. மேலிருந்து பார்த்தால் ஏரி போல மின்னும், வலசை வாத்துகள் இறங்கும், இறங்கினது எழுந்திருக்காது. ஆயிரக்கணக்கில் செத்தன.

அப்புறம் ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. குட்டையில் வைத்தால்தானே பிரச்சினை, பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் செலுத்திவிடலாம். 12,045 அடிக்குத் துளை போட்டு, 1962 மார்ச்சில் கழிவை அழுத்தி உள்ளே அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்துக்குள் டென்வரில் நிலம் அதிர ஆரம்பித்தது. அவ்வளவாக நில நடுக்கம் தெரியாத ஊர் அது. டேவிட் எவான்ஸ் என்கிற புவியியலாளர் 1965-ல் இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: எந்த மாதம் அதிகம் செலுத்தினார்களோ அந்த மாதம் அதிக அதிர்வு. 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அதற்குள் சுமார் 16.5 கோடி காலன் போயிருந்தது. நிறுத்திய பிறகுதான் பெரிய அதிர்வுகள் வந்தன, 1967-ல், ரிக்டரில் 5-க்கு நெருக்கமாக. கையை எடுத்த பிறகும் உள்ளே அழுத்தம் பரவிக்கொண்டே இருந்ததுதான் காரணம். மனிதன் செலுத்தும் திரவம் நில நடுக்கத்தைத் தூண்டும் என்பதற்கு இன்றைக்கும் வகுப்பில் காட்டுகிற முதல் உதாரணம் இதுதான். உங்கள் வீட்டுக்கு இதனால் இன்று கவலை இல்லை. ஆனால் நிலத்தடிச் சமாசாரத்தில் குழாயை மூடிய தேதியும் விளைவு நிற்கிற தேதியும் ஒன்றாக இருக்காது என்பதை மனதில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம், ஏனென்றால் வேலிக்கு வெளியே வருவது அதுதான். அங்கே நிலத்தடி நீர் வடக்காகவும் வடமேற்காகவும், சவுத் பிளாட் ஆற்றை நோக்கி நகர்கிறது. டீல்ட்ரின் மண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூடவே ஓடுகிறவை வேறு. சரின் தயாரிப்பில் உண்டாகிற ஒரு பக்கப் பொருள் உண்டு, சுருக்கமாக டிம்ப் என்பார்கள். சரினைப் போல விஷம் கிடையாது. ஆனால் தண்ணீரோடு தண்ணீராகப் போகும், லேசில் சிதையாது. 1974-ல் வெளிக் கிணறுகளில் இது தெரிந்ததும், மாசு வெளியே போவதை நிறுத்து என்று கொலராடோ மாநில அரசு ராணுவத்துக்கு உத்தரவு போட்டது. அதன்பின் நடந்த இழுபறியைப் பாருங்கள். குடிநீரில் டிம்ப் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம் சொன்ன அளவு லிட்டருக்கு 600 மைக்ரோகிராம். மாநிலம் வைத்த வரம்பு 8. எழுபத்தைந்து மடங்கு வித்தியாசம். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் படித்தவர்கள்தான், விலங்குச் சோதனை முடிவுகளை எப்படி வாசிப்பது, எவ்வளவு பாதுகாப்பு இடைவெளி விடுவது என்பதில்தான் பிரிந்தார்கள். "வரம்புக்குள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் யாருடைய வரம்பு என்று நான் கேட்பது இதனால்தான். அங்கே வெளிப்பகுதிக்கு 8 என்பதே வேலைக்கான இலக்காக நின்றது. கிணறு கெட்ட வீடுகளுக்கு ராணுவமும் ஷெல்லும் செலவு செய்து நகரக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தன.

ஓடுகிற தண்ணீரை எப்படி நிறுத்துகிறார்கள்? எல்லையில் மண்ணுக்குள் பென்டோனைட் களிமண்ணால் ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவந்து, கரி நிரப்பிய தொட்டிகள் வழியாக விட்டு, சுத்தமானதைச் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி மண்ணுக்குள் இறக்குகிறார்கள். வடக்கு எல்லையில் 1978-ல் சோதனையாக ஆரம்பித்தது. அப்புறம் வடமேற்கிலும் மேற்கிலும். கரி என்றால் அடுப்புக் கரி இல்லை, ஆக்டிவேட்டட் கார்பன்; நம் காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியிலிருந்து செய்து கப்பல் ஏற்றுகிறார்களே, அந்த வகை. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்தால் மிளகைவிடச் சின்ன மணிகள், கை கருக்கும், எடையே தெரியாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி துவாரம். ரசாயனம் அதில் போய் ஒட்டும். துவாரம் நிறைந்ததும் கரியை மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் அன்றைக்கே அழுக்கு அந்தப் பக்கம் போக ஆரம்பிக்கும். ஆகவே இது ஒருமுறை கட்டிவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. யாராவது தினமும் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய வேலை. 1978-ல் ஆரம்பித்தது இன்னும் ஓடுகிறது, நம் காலத்தில் நிற்காது.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சுவருக்கு வெளியே கண்காணிப்புக் கிணறுகள் உண்டு. அவற்றில் மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் வழி. இந்த வேலை எவ்வளவு நுணுக்கம் என்று ஒன்று சொல்கிறேன். கரைப்பான் வகையறா, அதாவது பிசுக்கைக் கரைக்கிற ரசாயனத் திரவங்கள், ஆவியாகிற பொருள். அதற்கு மாதிரி எடுக்கிற கண்ணாடிக் குப்பி 40 மில்லி. தண்ணீர் விளிம்புக்கு மேல் குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி, மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு காற்றுக் குமிழி மேலே ஏறினாலும் அந்தக் குப்பி வீண். ரசாயனம் குமிழிக்குள் போய்விடும், ஆய்வுக்கூடம் குறைவாகக் காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த பன்னிரண்டு குப்பிகளில் ஏழைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திட்டியவர் நியாயமாகத்தான் திட்டினார். மாசு இல்லை என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, குமிழியைப் பார்த்த ஆள் யார் என்பதையும் சேர்த்துத்தான் நம்புகிறோம்.

சரி, நிலத்துக்கு என்ன செய்தார்கள்? மோசமாக மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய மத்திய அரசு வைத்திருக்கிற சூப்பர்ஃபண்ட் பட்டியலில் 1987-ல் அந்த இடம் சேர்ந்தது. எஃப் குட்டையில் மிஞ்சியிருந்த திரவத்தை 1988-ல் தொட்டிகளுக்கு மாற்றும்போது நாற்றம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவி மக்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தத் திரவம் சுமார் 1.1 கோடி காலன், 1993 முதல் 1995 வரை எரித்தார்கள். முழு நிலத்துக்கான தீர்மானம் 1996 ஜூனில் கையெழுத்தானது. வேலை 2010-ல் முடிந்தது. செலவு சுமார் 210 கோடி டாலர். இவ்வளவு கொடுத்து விஷத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால், பெரும்பகுதியை எங்கும் கொண்டுபோகவில்லை. அங்கேயே ஒன்றுசேர்த்துப் புதைத்தார்கள். மோசமான மண்ணைத் தோண்டி, அடியில் லைனர் என்கிற கசியாத விரிப்பு போட்ட குப்பைக் கிடங்குகளில் அடைத்தார்கள். எல்லாவற்றிலும் மோசமானதற்கு மூன்று அடுக்கு லைனர். சில இடங்களில் தோண்டாமல் மேலே மூடி போட்டார்கள். அந்த மூடியின் அமைப்பு எனக்குப் பிடித்த விஷயம். மேலே நான்கு அடி மண்ணும் உள்ளூர்ப் புல்லும். மழை குறைவான ஊர் என்பதால் பெய்கிற தண்ணீரை மண் பிடித்துவைத்துக்கொள்ளும், புல் குடித்துத் தீர்த்துவிடும், கீழே இறங்க விடாது. அதற்கடியில் ஒன்றரை அடிக்கு உடைத்த கான்கிரீட் துண்டுகள். எதற்கு? பிரெய்ரி நாய்க்காக. பேர்தான் நாய், அணில் இனம். வளை தோண்டுவதில் கெட்டி. அது தோண்டிக்கொண்டு போய் விஷ மண்ணை மேலே தள்ளிவிடக்கூடாது, அதற்கு ஒரு கற்கோட்டை.

ஏன் முழுவதையும் அழிக்கவில்லை என்று கோபம் வரும். முயற்சி செய்யாமல் இல்லை. ஹெக்ஸ் பள்ளம் என்று ஒன்று. பூச்சிமருந்து தயாரிப்பின் தார் போன்ற கழிவை அங்கே கொட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் குழாய்கள் இறக்கிச் சூடேற்றி அங்கேயே சிதைத்துவிடலாம் என்று 2002 மார்ச்சில் ஆரம்பித்தார்கள். சூட்டில் கழிவிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பி, இரண்டு வாரம் ஆவதற்குள் குழாய்களை அரித்துத் தின்றுவிட்டது. நிறுத்தினார்கள். பிறகு வழக்கம்போலத் தோண்டிப் புதைப்புதான். குளோரின் நிறைந்த கழிவைச் சூடாக்கினால் அமிலம் வரும் என்பது கல்லூரிப் பாடம். எவ்வளவு வரும், உலோகம் எத்தனை நாள் தாங்கும் என்பதில் கணக்குப் பிசகியது. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மண்ணுக்குள் எல்லாரும் குருட்டு வைத்தியர்கள்தான்.

இன்னொன்று, இதுதான் உங்களைத் தொந்தரவு செய்யக்கூடியது. 2000 அக்டோபரில் பழைய இரும்புச் சாமான்களைக் கொட்டிவைத்திருந்த இடத்தை ஒழுங்குபடுத்தும்போது, சின்ன பம்பளிமாஸ் அளவில் ஒரு குட்டிக் குண்டு கிடைத்தது. உள்ளே சரின். மேலும் தேடியதில் மொத்தம் பத்து. திறந்த மண்ணில் நிற்காது என்று மேலே சொன்னேனே, அந்த சரின் உலோகக் கூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடம் தனி எஃகுக் கலத்துக்குள் வைத்து அழித்தார்கள். பதினைந்து வருட ஆய்வு, ஆயிரக்கணக்கான மாதிரி, அதற்கப்புறமும் ஒரு குப்பை மேட்டில் பத்து சரின் குண்டு. இனி ஒன்றுமே இல்லை என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். அதே சமயம், மிஞ்சிய ஒன்று இருந்தால் அது வேலிக்குள், மண்ணுக்கடியில் இருக்கும். நடந்து உங்கள் தோட்டத்துக்கு வராது.

சரணாலயம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் 'சுத்தம்' என்ற சொல்லின் சூட்சுமம் இருக்கிறது. ஆலைகளைச் சுற்றியிருந்த நிலத்தில் பல வருடம் வெளியாட்கள் நுழையாததால் விலங்குகள் பெருகிவிட்டன. 1986-ல் வெண்தலைக் கழுகுகள் குளிர்காலத்தில் அங்கே தங்குவதைக் கவனித்தார்கள். 1992-ல் சட்டம் போட்டு, சுத்தம் செய்தபின் சரணாலயமாக்குவது என்று முடிவானது. 2007-ல் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் நிலத்தை என்ன வேலைக்கு வைத்திருக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு சுத்தம் செய்யவேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். வீடு கட்டுவதென்றால், மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற குழந்தையை மனதில் வைக்கவேண்டும். சரணாலயம் என்றால், அங்கே வேலைக்கு வந்து போகிற வனவிலங்குப் பணியாளரை வைத்தால் போதும். செலவு குறையும். வெளியே கொடுக்கிற காரணம் கழுகு, உள்ளே இருக்கிற காரணம் கணக்கு. இது என் அபிப்பிராயம், எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒப்பந்தத்தைப் பாருங்கள்: அங்கே யாரும் குடியிருக்கக்கூடாது, பயிர் வைக்கக்கூடாது, நிலத்தடி நீரைக் குடிக்கக்கூடாது, மீனையோ விலங்கையோ பிடித்துத் தின்னக்கூடாது. மீன் பிடிக்கலாம், பிடித்ததும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். புதைத்த கிடங்குகள் இருக்கிற சுமார் ஆயிரம் ஏக்கரை ராணுவம் இன்னும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. கழிவை அங்கேயே விட்டிருப்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமானவை மூன்று. ஒன்று, தேடாத பொருள். ஆய்வுக்கூடம் பட்டியலில் இருப்பதைத்தான் தேடும். அந்த இடத்தில் ஏவுகணைக்கான ஹைட்ரசின் எரிபொருளைக் கலக்கிற கூடம் ஒன்றும் இருந்தது. அதிலிருந்து வருகிற என்டிஎம்ஏ என்ற பொருளைக் கரி சரியாகப் பிடிக்காது, அதற்குத் தனியாகப் புற ஊதா விளக்கு வைக்கவேண்டும். பழைய கரைப்பான்களில் சேர்த்துவந்த 1,4-டையாக்ஸேனும் அப்படித்தான், கரிக்கு டிமிக்கி கொடுக்கும். உலகம் முழுக்க அதைத் தேட ஆரம்பித்ததே தாமதமாகத்தான். நாளைக்குப் பட்டியலில் எது சேரும் என்று இன்றைக்குத் தெரியாது. இரண்டாவது, லைனரின் ஆயுள். அந்த பிளாஸ்டிக் விரிப்பு பல பத்தாண்டு தாங்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும் என்பது ஆய்வுக்கூடச் சோதனையை நீட்டிப் போட்ட கணக்கு, யாரும் வாழ்ந்து பார்த்ததில்லை. மூன்றாவது, மிகச் சிறிய அளவில் பல ரசாயனங்கள் ஒன்றுசேர்ந்தால் உடம்புக்கு என்ன என்பது. வரம்புகளைத் தனித்தனிப் பொருளுக்குத்தான் வைக்கிறார்கள். கூட்டுக்கணக்கு பலவீனமானது. "எங்கள் தெருவில் இரண்டு பேருக்குப் புற்றுநோய், அதனால்தானே?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. புற்றுநோய் எல்லாத் தெருவிலும் இருக்கிற நோய்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நகரக் குழாய் என்றால், குடிநீர் வாரியம் வருடா வருடம் தர அறிக்கை வெளியிட்டே ஆகவேண்டும். மூன்று வருட அறிக்கைகளை வாங்கிப் பாருங்கள், ஒரு வருடம் போதாது. மனையில் பழைய கிணறு இருந்தால், தோட்டத்துக்கு மட்டும் என்று சொன்னாலும், அதைத் தொடாதீர்கள். முறையாக மூடியிருக்கிறார்களா என்று பத்திரத்தோடு கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் தக்காளி, வெண்டைக்காய் போட்டுக்கொள்ளலாம். ரொம்பப் பயமாக இருந்தால் ஓரடி உயரத்துக்குப் பெட்டி கட்டி வாங்கிய மண்ணைக் கொட்டி அதில் போடுங்கள், கையில் காசு கொஞ்சம் போகும், மனம் நிம்மதியாக இருக்கும். குழந்தையை சரணாலயத்துக்குத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். காரிலிருந்தே காட்டெருமை பார்க்கலாம், நடைபாதையை விட்டு இறங்கவேண்டாம் என்று அங்கேயே பலகை இருக்கும், அதை மதித்தால் போதும். ராக்கி ஃபிளாட்ஸ் என்று டென்வருக்கு வடமேற்கில் இன்னோர் இடம் உண்டு, அணு ஆயுத உதிரிபாக ஆலை இருந்த இடம். பெயர்க் குழப்பத்தில் பலர் அந்தப் புளூட்டோனியக் கதையை இங்கே ஒட்டிச் சொல்வார்கள். இது வேறு, அது வேறு.

உண்மையைச் சொன்னால், நான் அந்த வீட்டை வாங்குகிறவனாக இருந்தால் முதல் காசை ரேடான் என்கிற கதிர்வீச்சு வாயுவுக்கான சோதனைக்குச் செலவழிப்பேன். கொலராடோவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ரேடான் வாயு நடவடிக்கை எடுக்கவேண்டிய அளவுக்கு மேல், லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல், இருக்கிறது. அது யாரும் கொட்டியதில்லை, பாறையிலிருந்து தானாக வருவது, நுரையீரல் புற்றுநோய்க்கு நிச்சயமான காரணம். எதிரே விஷ வாயு ஆலை இருந்தது என்று தூக்கம் கெடுகிறவர்கள் அடித்தளத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பதே இல்லை. கூடவே, அந்த ஊரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு சாயங்காலம் போய் நின்று பாருங்கள். மூடிப் புதைத்து, ஆள் போட்டுக் கண்காணிக்கிற இடத்தைவிட, கண்காணிக்காத சின்ன விஷயங்கள்தான் என் அனுபவத்தில் வீட்டுக்குள் வந்திருக்கின்றன.

மனையின் முகவரியைப் பொதுவில் போடவேண்டாம். எந்தத் தெருவுக்கு வடக்கே, வேலியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லுங்கள், கிணறு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். கடைசியாக வந்த ஐந்தாண்டு மறு ஆய்வு அறிக்கையில் அந்தப் பக்கத்துக் கண்காணிப்புக் கிணறுகளின் எண்கள் வரைபடத்தோடு இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.